பங்கசும் மந்தியும்: உயிர்மதிப்புப் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

எல்லா உயிர்களிடத்தும் அன்பு செலுத்துக என்பது கீழைத்தேய அறநூல்கள் பலவும் ஒருமுகமாக எடுத்துரைக்கும் கொள்கையாகும். ஆயின், ‘எல்லா’ என்னும் அச்சொல் எவற்றையெல்லாம் உள்ளடக்கும் என்ற வினா எழும்போது அவ்வொருமுகப்பாடு கலைந்துவிடுகின்றது. மானையும் மயிலையும் மனத்திற்கொண்டு அச்சொல்லை எடுத்தாள்வோர், இலையை அரிக்கும் பூசணத்தை அவ்வேளை மனத்திற்கொள்வதில்லை. ஒரு பொதுவிதியின் உறுதிப்பாடு அதன் இலகுவான எடுத்துக்காட்டுகளாற் சோதிக்கப்படுவதன்று. அவ்விதியை ஏற்க மனம் தயங்கும் இடத்திலேயே அது சோதனைக்குள்ளாகின்றது.

இலங்கையின் மத்திய மலைநாடு அத்தகைய சோதனைக்குரிய உயிர்கள் இரண்டினை ஒருங்கே தருகின்றது. ஒன்று, கோப்பிச் செடியின் இலையிற் துருநோயை விளைவிக்கும் பங்கசு. மற்றையது, இத்தீவிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஊதாமுக மந்தி. முன்னையது ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே நிலைகுலையச் செய்தது எனத் தூற்றப்படுவது. பின்னையது அருகிவரும் இனமெனப் பரிவோடு நோக்கப்படுவது. இவ்விரண்டின் உயிருக்கும் அறவியல் நிலையில் ஒரே மதிப்பு உண்டா? இல்லையெனின், அவ்வேற்றுமை எந்த அடிப்படையில் அமைகின்றது? இவ்வினாவுக்கு விடைகாண முற்படுமிடத்து, மனிதன் தன் அறத்தீர்ப்புகளை எவ்வாறு அமைத்துக்கொள்கின்றான் என்பதும் தெளிவாகின்றது.

அறிவியலார் இவற்றுக்கு இட்ட பெயர்களே இங்கு முதலில் நோக்கற்பாலன. பங்கசின் பெயர் ஹெமிலியா வஸ்தாத்திரிக்ஸ். அதன் வித்தியின் ஒரு புறம் மழமழப்பாகவும் மறுபுறம் முட்போன்ற முனைப்புகளுடனும் இருத்தலின், ‘பாதி மழமழப்பானது’ எனும் பொருளில் முதற்பெயர் அமைந்தது. இரண்டாம் பெயருக்கு இலத்தீனிற் ‘பாழ்படுத்துபவள்’ என்பது பொருள். மந்தியின் பெயர் செம்னோபிதேக்கஸ் வெத்துலஸ். வெத்துலஸ் என்பது ‘சிறு கிழவன்’ எனப் பொருள்படும். கருமை படர்ந்த முகமும் அதனைச் சூழ்ந்த வெளிறிய தாடியும் அப்பெயருக்குக் காரணமாயிருத்தல் கூடும். இவ்வினத்தின் மேற்குத் தாழ்நிலத் துணையினத்துக்குக் கிரேக்க காவியத்தின் முதுபெரும் அரசனான நெஸ்தரின் பெயரே இடப்பட்டுள்ளது. ஆகவே பெயரிட்ட நாளிலேயே ஒன்றுக்குக் குற்றத்தீர்ப்பும் மற்றதற்கு உறவுமுறையும் வழங்கப்பட்டுவிட்டன எனலாம். இத்தீர்ப்பு நியாயமானதா என்பதே ஆராயப்படவேண்டியது.

பங்கசின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். பிரித்தானியர் ஆட்சியில், 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில், மலைநாட்டுக் காடுகள் பெருமளவில் வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாக்கப்பட்டன. 1870 ஆம் ஆண்டளவில் ஏற்றுமதி ஏறத்தாழ 10 இலட்சம் அந்தரை எட்டியது. அவ்வளர்ச்சியின் உச்சிக்கு அணித்தாகவே, 1869 இல், மடுல்சீமைப் பகுதியிற் கோப்பியிலைகளின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருத்தல் அவதானிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பேர்க்லி என்னும் பங்கசியல் அறிஞர் அதே ஆண்டில் அதனை விபரித்துப் பெயரிட்டார். அதன் பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுள் இலங்கையின் கோப்பித் தொழில் வீழ்ந்தது. 1884 இல் ஓறியன்ரல் வங்கி முறிந்தது. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவிற் சிறிய அளவிற் பயிரிட்டிருந்த தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அரசாங்கத்தின் பணிப்பின் பேரில் 1880 இல் இலங்கைக்கு வந்த ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இந்நோயின் இயல்பினை நுணுகி ஆராய்ந்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிற் தொங்கவிட்டு, காற்றிற் பரவும் வித்திகளை அவர் கைப்பற்றினார். வித்தி ஈரமான இலையில் முளைத்து, இலைவாயினூடாக உட்புகுந்து, உயிருள்ள கலங்களிலிருந்து உணவைப் பெற்று, சில வாரங்களிற் புதிய வித்திகளை வெளிவிடுகின்றது என்பதை அவர் நிறுவினார். அவருடைய ஆய்வு இன்னோர் உண்மையையும் உணர்த்திற்று. இடையீடின்றி மலைக்கு மலை ஒரே பயிரை நட்டமையே இந்நோய் தடையின்றிப் பரவுவதற்கு வாய்ப்பளித்தது. காற்றைத் தடுக்கும் மரவரிசைகள் தோட்டங்களுக்கிடையே இருந்திருப்பின் வித்திகளின் ஓட்டம் தடைப்பட்டிருக்கும். அம்மரங்களோ முன்னரே வெட்டப்பட்டுவிட்டன.

அம்மரங்களில் வாழ்ந்த உயிர்களுள் ஒன்றே ஊதாமுக மந்தி. இவ்வினத்தின் மலைநாட்டுத் துணையினம் தடித்த உரோமம் உடையது. கரடிக்குரங்கு என்னும் பெயரும் அதற்கு இடப்பட்டது. நுவரெலியா, ஹக்கல, ஹோர்ட்டன் சமவெளி ஆகிய பகுதிகளின் எஞ்சிய காடுகளில் அதனை இன்றும் காணலாம். விடியற்காலையில் ஆண் மந்தி எழுப்பும் முழக்கம் பள்ளத்தாக்குகளைக் கடந்து கேட்கும். பெரும்பாலும் இலையுண்டு மரத்திலேயே வாழும் இவ்விலங்குக்கு மரத்தொடர்ச்சி இன்றியமையாதது. காடு துண்டாடப்பட்டால் அது நிலத்தில் இறங்கவேண்டும். அல்லது மின்கம்பியைப் பற்றவேண்டும். மேற்குத் தாழ்நிலத் துணையினம் கொழும்பைச் சூழ்ந்த வீட்டுத் தோட்டங்களிற் பலாவையும் மாவையும் நம்பி வாழ்கின்றது. அது மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ளதென இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் வகைப்படுத்தியுள்ளது. 2004 முதலாக உலகின் மிக அருகிய 25 முதனிகளின் பட்டியலிலும் அது பலமுறை இடம்பெற்றுள்ளது.

இனி, இவ்விரண்டையும் வேறுபடுத்துவதற்குப் பொதுவாகக் கூறப்படும் அளவுகோல்களை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

முதலாவது அளவுகோல் நன்மை தீமை பற்றியது. பங்கசு தீங்கு விளைப்பது. மந்தி தீங்கு விளைக்காதது. ஆகவே ஒன்றை அழிக்கலாம், மற்றதைக் காக்கவேண்டும் என்பது இதன் சாரம். இவ்வளவுகோல் முதற்பார்வைக்கு உறுதியானதாகத் தோன்றினும் ஆராய்வுக்கு நிலைநிற்பதன்று. தீங்கு என்பது உயிரின் இயல்பிற் பொதிந்துள்ள குணமன்று; அது ஒரு சூழலில் எழும் தொடர்பு. கிழக்காபிரிக்கக் காடுகளில் மர நிழலில் வளரும் காட்டுக் கோப்பியுடன் இப்பங்கசு நெடுங்காலமாக வாழ்ந்து வந்துள்ளது. அங்கு செடிகள் சிதறி நிற்கின்றன, மரபுவேறுபாடுகள் மிகுந்துள்ளன, துருப்பங்கசின் மீதே ஒட்டி வாழும் வேறு பங்கசுகளும் உள்ளன. அச்சூழலில் அது செடிகளுடன் கூடவே நிலைத்திருக்கின்றதேயன்றிக் காட்டைப் பாழ்படுத்திவிடவில்லை. பாழ்படுத்தும் ஆற்றலை அது பெற்றது, மனிதன் ஒரே பயிரை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டு அதற்கு விருந்து வைத்தபோதேயாகும்.

மறுதலையாக, குரங்கும் தீங்கிழைப்பதெனக் குற்றஞ்சாட்டப்படுகின்றது. ஊதாமுக மந்தியைப் போன்றே இலங்கைக்குச் சிறப்பாக உரிய இன்னொரு குரங்கினம், சிங்களத்தில் றிலவா என வழங்குவது. அதுவும் அழிவாபத்துள்ள இனமாகவே பட்டியலிடப்பட்டுள்ளது. எனினும் தென்னையின் குரும்பையையும் தோட்டத்துக் காய்கனிகளையும் அது சேதப்படுத்துவதால் உழவர் படும் இடர் பொய்யன்று. 2023 ஏப்பிரலில், 100,000 றிலவாக்களைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றி அரசாங்கத் தரப்பிற் பேசப்பட்டது. பலத்த எதிர்ப்பு எழுந்து விடயம் நீதிமன்றம் வரை சென்ற பின்னர், அத்தகைய ஏற்றுமதி இடம்பெறாதென அதே ஆண்டு யூனில் அங்கு அறிவிக்கப்பட்டது. ஒரே உயிர், ஒரே வேளையில், ஒரு பட்டியலில் அருகிவரும் இனமாகவும் இன்னொரு பட்டியலிற் பயிரழிக்கும் பீடையாகவும் இடம்பெறக்கூடும் என்பதை இது காட்டுகின்றது. தீமையே அளவுகோலாயின் குரங்குக்கும் பங்கசுக்கும் இடையே அளவு வேற்றுமை இருக்குமேயன்றி வகை வேற்றுமை இராது. மந்தியின் நிலையில் நின்று நோக்கினால், ‘பாழ்படுத்துபவன்’ என்னும் பெயர் இலையைத் தின்ற பங்கசுக்கு அன்றிக் காட்டை எரித்த மனிதனுக்கே பொருந்தும்.

பயன் என்னும் அளவுகோலுக்கு இன்னொரு பேராபத்தும் உண்டு. அது விலங்குகளோடு நின்றுவிடுவதில்லை. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மலையேறினர். பலர் காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டனர். தோட்டக் கணக்கேடுகளில் அவர்கள் பெரும்பாலும் உழைப்பின் அலகுகளாகவே நின்றனர். கோப்பிக்குப் பறிப்புக் காலத்திலேயே பெருந்தொகையினர் வேண்டப்பட்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கைகள் தேவைப்பட்டன. ஆதலின், கோப்பியைப் பங்கசு வீழ்த்தியதன் விளைவுகளுள் ஒன்றாக, அம்மக்கள் குடும்பங்களோடு மலைநாட்டில் நிலையாகத் தங்க நேர்ந்தது. ஆயினும் 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பான்மையினரை நாடற்றோராக்கியது. 1964 இன் ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு செய்யலாம் எனப் பங்கிட்டது. நாடற்ற நிலை சட்டத்தளவில் நீங்குவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மனிதரை உயிரற்ற எண்ணாக்கிய நோக்கும், காட்டை வெறும் நிலமாகக் கண்ட நோக்கும் ஒரே மூலத்தின. பயன் கருதி உயிருக்கு மதிப்பிடும் பழக்கம் ஓரிடத்தில் ஏற்கப்படுமாயின், அது எங்கு நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே பங்கசு பற்றிய வினா வெறும் ஏட்டு வினா அன்று.

இரண்டாவது அளவுகோல் உணர்ச்சி பற்றியது. ஓருயிர் அறக்கவனத்துக்கு உரியதா என்பதைத் தீர்மானிப்பது அதன் பகுத்தறிவன்று, துன்புறும் ஆற்றலே என்னும் கருத்தை 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தாம் முன்வைத்தார். 1975 இல் வெளிவந்த ‘விலங்கு விடுதலை’ என்னும் நூலிற் பீற்றர் சிங்கர் அதனை விரிவாக நிலைநாட்டினார். தமிழ் மரபிலும் இதற்கு அணித்தான சிந்தனை உண்டு. உயிர்களை அறிவின் எண்ணிக்கை கொண்டு வகுக்கும் தொல்காப்பிய மரபியல், புல்லையும் மரத்தையும் உற்றறியும் ஓரறிவினவாகத் தொடங்கி மனிதரை ஆறறிவினராகக் காண்கின்றது. விலங்குகளுட் சிலவும் அவ்வாறாம் அறிவுடையன எனக் கொள்ளும் இடத்தில், உரைமரபு குரங்கையும் எடுத்துக்காட்டும். உலகத்தை அறியும் வாயில்கள் கூடுந்தோறும் இன்பதுன்ப நுகர்ச்சியும் கூடும் என்னும் எண்ணம் இப்பாகுபாட்டின் பின்னணியிலே காணப்படுகின்றது.

இவ்வளவுகோல் முன்னையதிலும் பார்க்க வலிமை வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. மின்கம்பியிற் கருகி விழும் மந்தி வேதனையுறுகின்றது; இறந்த குட்டியைத் தாய்க் குரங்கு விடாது சுமந்து திரிவதைக் கண்டோர் பலர். பங்கசுக்கோ நரம்புத் தொகுதி இல்லை. அது ஒளியையும் ஈரத்தையும் உணர்ந்து துலங்குகின்றது. ஆயினும் துலங்கல் வேறு, துன்பம் வேறு. செம்பு கலந்த மருந்தைத் தன் கோப்பிச் செடிக்குத் தெளித்து இலட்சக்கணக்கான வித்திகளை அழிக்கும் உழவன் கொடுமை செய்தவனாகான். நஞ்சிட்ட பழத்தைக் குரங்குக்கு வைப்பவன் கொடுமை செய்தவனே. இவ்வேற்றுமையை மறுத்து, எல்லா உயிரும் எல்லா வகையிலும் சமம் என வாதிப்போர் அருளை விரிவாக்குவதாக எண்ணிக்கொண்டு உண்மையில் அதன் பொருளையே கரைத்துவிடுகின்றனர். பங்கசுக்கும் மந்திக்கும் ஒரே அளவான பரிவு வேண்டுமென்பவர், மந்திக்குரிய பரிவையும் வெறும் சொல்லாக்கிவிடுகின்றார்.

வாடிய பயிரைக் கண்டு வாடும் உள்ளம் தமிழர் போற்றிய அருளின் உச்சநிலையாகும். அவ்வுள்ளம் கோப்பித் தோட்டத்தில் நின்றால் யாருக்காக இரங்கும்? பயிருக்காகவா, அதனை உண்டு வாழும் பங்கசுக்காகவா? இரண்டுக்கும் ஒருங்கே இரங்குதல் சொல்லளவில் இயலும்; செயலளவில் ஒன்றைத் தெரிவு செய்தேயாகவேண்டும். உயிர் உயிரை உண்டே வாழும் உலகில் அருள் மட்டும் எல்லா வழக்குகளையும் தீர்த்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

உணர்ச்சி என்னும் அளவுகோலுக்கும் எல்லை உண்டு. அது தனியுயிரைப் பற்றிப் பேசவல்லதேயன்றி இனத்தைப் பற்றிப் பேசவல்லதன்று. துன்புறுவது மந்தி; மந்தியினம் எனும் பொதுமை துன்புறுவதில்லை. ஓரினத்தின் கடைசி மந்தி முதுமையுற்று நோவின்றி இறந்துபோகுமாயின், துன்பத்தின் கணக்கில் அது இன்னொரு சாவு மட்டுமே. எனினும் அச்சாவுடன் மீளப்பெற முடியாத ஏதோவொன்று உலகை விட்டு நீங்கிவிட்டது என்னும் உணர்வு மனிதரிடை எழுகின்றது. அவ்வுணர்வுக்குத் துன்பக் கணக்கில் இடமில்லை. ஆகவே இனத்தின் மதிப்பை விளக்க வேறோர் அடிப்படை வேண்டும்.

அருமைப்பாடே அவ்வடிப்படை எனச் சிலர் கூறுவர். மந்தி அருகிவருவது, பங்கசு பெருகுவது. 1970 இற் பிரேசிலை அடைந்த துருப்பங்கசு இன்று கோப்பி விளையும் நாடுகளுட் பெரும்பாலானவற்றில் உள்ளது. ஆயின் அருமை தன்னளவில் மதிப்பாகாது. பெரியம்மை வைரசு உலகில் ஒழிக்கப்பட்டதென 1980 இல் அறிவிக்கப்பட்டபோது, அருகிய உயிர்ப்பொருள் என அதனைக் காக்க எவரும் போராடவில்லை. மேலும், அருகிவருவன விலங்குகள் மட்டுமல்ல. விபரிக்கப்பட்ட பங்கசினங்கள் ஒன்றரை இலட்சம் அளவின. உண்மையில் உள்ளவை இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டவையென மதிப்பிடப்படுகின்றது. முலையூட்டிகளோ ஏறத்தாழ 6,500 இனங்களே. எனினும் அழிவாபத்துப் பட்டியலில் மதிப்பீடு செய்யப்பட்ட பங்கசினங்களின் தொகை 1,000 ஐக் கடந்தது 2025 மார்ச்சிலேதான். எத்தனை பங்கசினங்கள் பெயர்பெறாமலே மறைந்திருக்கும் என்பதை எவரும் அறியார். முகமில்லாத உயிருக்கு மரணப் பதிவும் இல்லை.

ஒரே தாவரத்தைச் சார்ந்து வாழும் துருப்பங்கசுகளின் நிலை இன்னும் நுட்பமானது. அத்தாவரம் அருகினால் அப்பங்கசும் அருகும். அழியவிருக்கும் செடியொன்றைக் காக்க முற்படுவோர் அதன் நோயைக் களைவதையே முதற்கடமையாகக் கொள்வர். செடியினும் அரிதான ஓருயிரை அதனாற் தாம் அழித்துவிடக்கூடும் என்பதை எண்ணார். இத்தகைய நிகழ்ச்சி விலங்குலகில் நிகழ்ந்துமுள்ளது. 1980 களிற் கலிபோர்னியக் கழுகினத்தைக் காக்கும்பொருட்டு எஞ்சிய பறவைகள் யாவும் பிடிக்கப்பட்டு, அவற்றின் உடற்பேன்கள் மருந்திட்டு நீக்கப்பட்டன. பறவை பிழைத்தது, அதன்மீது மட்டுமே வாழ்ந்த பேனினம் ஒன்று அழிந்துபட்டதாகக் கருதப்படுகின்றது. பறவையைக் காத்தமை தவறன்று. ஆயின் அழிக்கப்பட்டதும் ஓரினமே என்ற எண்ணம் தானும் அவ்வேளை எழவில்லை என்பதே சிந்தனைக்குரியது.

மூன்றாவது அளவுகோல் உயிர்த்தொகுதி முழுமையை நோக்குவது. அமெரிக்கச் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்ட் எழுதி 1949 இல் வெளிவந்த நூல், மண்ணும் நீரும் தாவரமும் விலங்கும் சேர்ந்த சமுதாயத்தின் உறுப்பினனாக மனிதனைக் கண்டது. இந்நோக்கில் மந்திக்கும் பங்கசுக்கும் உள்ள இடைவெளி பெரிதும் குறுகிவிடுகின்றது. காட்டு மரங்களின் வேர்களோடு பிணைந்த பங்கசுகள் மண்ணிலிருந்து நீரையும் கனியுப்புகளையும் மரங்களுக்குப் பெற்றுத் தருகின்றன. வீழ்ந்த மரத்தின் கடினமான பகுதியைச் சிதைத்து மீண்டும் மண்ணாக்குவதிற் பங்கசுகளின் பங்கே முதன்மையானது. மந்தியின் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்தது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கச் செய்தாலன்றி அது இலையுண்டு வாழ இயலாது. எனவே மந்தி என நாம் சுட்டும் உயிரே தனியுயிர் அன்று; கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற உயிர்களின் உதவியால் நடமாடும் கூட்டுவாழ்வு அது. இன்னுமொன்று: பங்கசுகள் தாவரங்களிலும் பார்க்க விலங்குகளுக்கே நெருங்கிய உறவின என்பது இன்றைய உயிரியலின் முடிபாகும்.

இவ்வளவுகோலுக்கும் மறுப்பு இல்லாமலில்லை. பங்கசுக்குலம் முழுவதும் காட்டுக்கு இன்றியமையாதது என்பதிலிருந்து, கோப்பித் துருப்பங்கசும் இன்றியமையாதது என்பது பெறப்படாது. முழுமையின் நலன் கருதித் தனியுயிரைப் பலியிடும் கொடுமைக்கும் இந்நோக்கு இடந்தரக்கூடும்; தொகுதியின் நலனுக்காகக் குரங்குகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லலாம் என எவரேனும் வாதித்தால், முழுமைவாதம் தனியே நின்று அதனைத் தடுக்கவல்லதன்று. அங்கு துன்பம் பற்றிய அளவுகோலின் துணை வேண்டப்படும்.

ஆகவே, ஒரே அளவுகோலைக் கொண்டு இவ்விரு உயிர்களையும் நிறுத்துப் பார்க்க முற்படுவதே குழப்பத்துக்கு அடிப்படையாகும். பரிவு, மதிப்பு, பொறுப்பு என்னும் மூன்றும் வேறு வேறானவை. வழக்கில் அவை ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கின்றன.

பரிவு துன்புறும் உயிருக்கு உரியது. அது மந்திக்கு உண்டு, பங்கசுக்கு இல்லை. இதனை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

மதிப்பு என்பது, ஒன்று தனக்கென ஒரு வரலாறும் வாழ்முறையும் கொண்டு நிலவுகின்றது என்பதை அறிந்து, தேவையின்றி அதனை இல்லாதொழிக்கத் தயங்கும் மனப்பாங்காகும். அது இரண்டுக்கும் உரியது. காற்றில் மிதந்து, இலைவாயைத் தேடியடைந்து, உயிருள்ள இலையிலன்றி வேறெங்கும் வாழமாட்டாத பங்கசின் வாழ்வுக்குப் பின்னால், மந்தியின் வாழ்வுக்குப் பின்னாலுள்ள அதே நீண்ட பரிணாம வரலாறு உண்டு. தன் தோட்டத்தில் அதனை ஒடுக்க உழவனுக்கு முழு உரிமை உண்டு. குடும்பத்தின் உணவு அதிற் தங்கியுள்ளது. ஆயின் உலகெங்குமிருந்து, காட்டுக் கோப்பியின் தாயகத்திலிருந்துங்கூட, அதனைப் பூண்டோடு ஒழித்துவிட வழியொன்று கிடைப்பின் அதனை ஐயமின்றிக் கைக்கொள்ளலாமா? பெரியம்மையை ஒழித்தமைக்கு மனிதர் கோடிக்கணக்கில் மாண்டமை என்னும் காரணம் இருந்தது. கோப்பியின் விலையேற்றம் அத்தகைய காரணமாகுமா? நோயெதிர்ப்புள்ள வகைகள், நிழல் மரங்கள், கலப்புப் பயிர் முதலிய வழிகள் உள்ளவரை அது போதிய காரணமாகாது என்றே கூறவேண்டும். மந்தியா பங்கசா என ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டிய நெருக்கடி வருமாயின் மந்தியையே தெரிவு செய்தல் தகும். ஆனால் அத்தெரிவு மற்றையது மதிப்பற்றது என்பதற்குச் சான்றாகாது. ஓர் இழப்பை அறிந்தே ஏற்றுக்கொண்டமைக்குச் சான்றாகும். ஒருவரை ஒருவர் இழக்காமற் காக்க இயலாத நிலையில், இழந்ததற்கு விலையே இல்லையென்று கூறுபவன் தன் மனச்சாட்சியை எளிதாக்கிக்கொள்கின்றானேயன்றி அறத்தை அறிந்தவனாகான்.

பொறுப்பு இவ்விரண்டுக்கும் உரியதன்று. அது மனிதனுக்கு உரியது. பங்கசு குற்றவாளி அன்று. குற்றம் செய்யத் தெரிவு வேண்டும், அதற்குத் தெரிவில்லை. மந்தி நிரபராதியும் அன்று. நிரபராதி என்னும் சொல்லும் வழக்குமன்றத்துக்குரியது. ஒன்றைத் தண்டிப்பதாகவும் மற்றதை மன்னிப்பதாகவும் எண்ணும்போது, அவ்விரண்டின் நிலையையும் மாற்றியமைத்த செயல் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. மலைக்காட்டை வெட்டி ஒரே பயிரை நிரப்பியது ஒரே செயல். அச்செயலே ஆபிரிக்கக் காட்டுப் பங்கசைப் பெருநோயாக்கியது. அச்செயலே இலங்கைக் காட்டு மந்தியை அருகிய இனமாக்கும் வழியிற் தள்ளியது. 1873 இல் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடுமாறு ஆலோசனை கூறியிராவிடின், கரடிக்குரங்குக்கு இன்று எஞ்சியுள்ள புகலிடமும் இருந்திராது. கோப்பியை நோய் வீழ்த்திய பின்னரும் படிப்பினை பெறப்படவில்லை. அதே சரிவுகளில் இன்னொரு தனிப்பயிரே நடப்பட்டது.

மலைநாட்டு வீட்டுத் தோட்டங்கள் சிலவற்றில் இன்றும் கோப்பிச் செடிகள் உண்டு. அவற்றின் இலையைத் திருப்பிப் பார்ப்போர் அதே செம்மஞ்சள் தூளைக் காணக்கூடும். சற்று உயரத்தே எஞ்சிய காட்டிலிருந்து மந்தியின் முழக்கமும் கேட்கக்கூடும். இரண்டுக்கும் இடையில் வாழும் மனிதன் ஒன்றை வெறுத்து மற்றதை நேசிப்பதனால் மட்டும் அறவாழ்வு வாழ்ந்தவனாகமாட்டான். துன்புறும் உயிருக்கு இரங்குதலும், துன்புறா உயிரையும் காரணமின்றி அழியாதிருத்தலும், இரண்டின் நிலைக்கும் தன் செயலே காரணமாயின் அதனை ஒப்புக்கொள்ளுதலும் அவன் கடன். இம்மூன்றனுள் இறுதியானதே மிகக் கடினமானது. ஏனைய இரண்டும் பயனளிப்பது அதனை நிறைவேற்றிய பின்னரேயாகும்.